விமானச் சரக்கறையின் காற்றழுத்தம்: டெல்டாவிலிருந்து பொதி அனுப்பத் தொடங்குவோருக்கு

காவிரிப் படுகையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உயரம் பழக்கமில்லாத ஒன்று. திருச்சி விமான நிலையமே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 90 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே தஞ்சாவூர், திருவாரூர் என்று போகப் போக நிலம் கண்ணுக்குத் தெரியாமல் தாழ்ந்து, நாகப்பட்டினத்தில் கடலைத் தொட்டுவிடுகிறது. இங்கே மூடப்படும் ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் பைக்குள்ளும், நாம் வைக்கும் பண்டத்தோடு, ஏறக்குறைய 1013 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தமுள்ள கடற்கரைக் காற்றும் சேர்ந்தே அடைபடுகிறது. பொதி லாரியில் சென்னைக்குப் போகும்வரை அந்தக் காற்றால் எந்தத் தொல்லையும் இல்லை. விமானத்தில் ஏறியதும் அது விரியத் தொடங்குகிறது.

கும்பகோணம் பகுதியில் வீட்டிலேயே தொக்கும் பலகாரமும் செய்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் அனுப்புபவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பொதி கட்டிக் கொடுத்து வருகிறேன். தொடக்க காலத்தில் நான் கட்டிய 24 மாங்காய்த் தொக்கு பாட்டில்களில் பாதி, எண்ணெய் கசிந்து அட்டைப்பெட்டியை ஊறவைத்த நிலையில் போய்ச் சேர்ந்தன. ஏற்றுபவர்கள் தூக்கி எறிந்திருப்பார்கள் என்று நெடுநாள் அவர்களையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் ஒரு பாட்டில்கூட உடைந்திருக்கவில்லை. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக ஒன்றுவிட்டு ஒன்றாகத் தலைகீழாக அடுக்கியவன் நான்தான். கசிந்தவை அந்தத் தலைகீழ் பாட்டில்களே. ஏன் அப்படி ஆயிற்று என்று தெரிந்துகொள்ள முயன்றபோதுதான் விமானத்தின் காற்றழுத்தத்தைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் அந்தப் பாடத்தை எண்ணெய் கொட்டாமலேயே கற்றுக்கொள்ளலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதற்படி: சரக்கறையை ஊட்டி மலையாக நினைத்துக்கொள்ளுங்கள்

புதியவர்களிடம் இரண்டு தவறான எண்ணங்களைப் பார்க்கிறேன். ஒரு சாரார், பயணிகள் இருக்கும் மேல்தளத்தில்தான் காற்று உண்டு, சாமான் வைக்கும் அடிப்பகுதியில் காற்றே இராது என்று நம்புகிறார்கள். மறு சாரார், உள்ளே தரையில் இருப்பது போன்ற காற்றுதான் இருக்கும் என்று நம்பி எந்த முன்னேற்பாடும் செய்வதில்லை. இரண்டுமே சரியல்ல.

விமானம் 35,000 அடி உயரத்தில் பறக்கும்போது வெளியே அழுத்தம் ஏறக்குறைய 238 ஹெக்டோபாஸ்கல், அதாவது நம் ஊரில் இருப்பதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. வெப்பநிலையும் பூஜ்யத்துக்குக் கீழே 54 பாகை. அந்தக் காற்றில் மனிதர் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரைதான் தெளிவோடு செயல்பட முடியும். ஆகவே விமானத்தின் கூட்டுக்குள் காற்றை அடைத்து அழுத்தத்தை உயர்த்தி வைக்கிறார்கள். ஆனால் தரையின் அழுத்தம் முழுவதையும் மேலே கொண்டுபோவதில்லை; அப்படிச் செய்தால் கூட்டின் சுவர் தாங்க வேண்டிய விசை மிகுந்து, விமானத்தின் எடையும் கூடிவிடும். சாதாரணப் பறப்பில் உள்ளேயுள்ள அழுத்தம், 8,000 அடி உயர மலையில் இருக்கும் அழுத்தத்துக்குக் கீழே போகக்கூடாது என்பதே வடிவமைப்பு விதி. 8,000 அடி என்பது ஏறக்குறைய 2,440 மீட்டர். ஊட்டி நகரம் 2,240 மீட்டரிலும் தொட்டபெட்டா 2,637 மீட்டரிலும் இருக்கின்றன. ஆக உங்கள் பொதி அரைமணி நேரத்துக்குள் ஊட்டிக்கு மேலே ஏறி, சில மணி நேரம் அங்கே தங்கி, மறுபடியும் கடல் மட்டத்துக்கு இறங்குகிறது. கோடை விடுமுறையில் ஊட்டி பஸ்ஸில் கொண்டுபோன சிப்ஸ் பாக்கெட் மலையேறும்போது தலையணையாக உப்பியதைப் பார்த்திருப்பீர்கள். சரக்கறையிலும் நடப்பது அதுவே.

இரண்டாம் படி: உள்ளே வரும் காற்றுக்கும் ஒரு மதகு உண்டு

இதைப் பொதி கட்டுபவர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கலாம். தெரிந்துகொண்டால் பின்வரும் எச்சரிக்கைகளுக்கெல்லாம் காரணம் தானாகவே விளங்கிவிடும்.

ஜெட் எஞ்சினில் எரிபொருள் எரிவதற்கு முன்பே காற்றை அமுக்கிச் சூடாக்கும் கம்ப்ரஸர் பகுதி இருக்கிறது. அங்கிருந்து ஒரு பங்கு காற்றைக் குழாய்வழியாகப் பிரித்தெடுத்து, விமானத்தின் அடிப்பகுதியிலுள்ள குளிரூட்டும் இயந்திரத்தில் ஆற்றி, கூட்டுக்குள் விடுகிறார்கள். போயிங் 787 மட்டும் இதற்கு விலக்கு. அதில் மின்சாரத்தால் ஓடும் தனிக் கம்ப்ரஸர்கள் இந்த வேலையைச் செய்கின்றன. உள்ளே வரும் காற்றின் அளவு பெரும்பாலும் சீராகவே இருக்கும். அழுத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வெளியேறும் வழியில்தான் நடக்கிறது. வால் பக்கத்தில் உள்ள ஒரு வால்வு சற்றே மூடினால் உள்ளே அழுத்தம் ஏறும், திறந்தால் இறங்கும். வாய்க்காலில் தண்ணீர் ஒரே அளவில் வந்துகொண்டிருக்க, வடியும் பக்கத்து மதகுப் பலகையை ஏற்றி இறக்கி வயலின் நீர்மட்டத்தைக் காக்கிறோமே, அந்த முறைதான். மதகு பழுதானால் என்ன செய்வது என்று ஏரிக்குக் கலிங்கு கட்டுவதைப் போல, அழுத்தம் அளவுக்கு மீறினால் தானாகவே திறந்து காற்றை வெளியே தள்ளும் காப்பு வால்வுகளும் கூட்டில் உண்டு.

வயலின் நடுவே வரப்பு இருந்தாலும் அதில் மடை வெட்டியிருந்தால் இரண்டு பக்கமும் நீர்மட்டம் ஒன்றாகவே இருக்கும். பயணிகள் தளத்துக்கும் அடியிலுள்ள சரக்கறைக்கும் உள்ள உறவு அத்தகையது. இரண்டும் ஒரே அழுத்தக் கூட்டுக்குள் இருக்கின்றன. அந்தச் சமநிலை குலைந்தால் என்ன ஆகும் என்பதை 1974 மார்ச் 3 அன்று பாரிஸுக்கு அருகே விழுந்த துருக்கிய ஏர்லைன்ஸ் டிசி-10 விமானம் காட்டியது. சரியாகப் பூட்டப்படாத அடிச் சரக்கறைக் கதவு பறப்பில் பிய்த்துக்கொண்டது. கீழறையின் காற்று ஒரு நொடியில் வெளியேற, மேல்தளத்தின் காற்று தளத்தையே கீழ்நோக்கி அமுக்கி உடைத்தது. தளத்துக்கடியில் ஓடிய கட்டுப்பாட்டுக் கம்பிகள் அறுந்து 346 பேர் இறந்தனர். 35,000 அடியில் உள்ளும் புறமும் உள்ள அழுத்த வேறுபாடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து டன் எடைக்குச் சமம் என்பதை நினைவில் வைத்தால், இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

மூன்றாம் படி: எந்த விமானத்தில் போகிறது என்று சரக்கு ஏஜென்டிடம் கேளுங்கள்

திருச்சியிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் சரக்கு பெரும்பாலும் பயணிகள் விமானத்தின் அடிச் சரக்கறையில்தான் போகிறது. சென்னை போன்ற பெரிய நிலையங்களுக்குக் கொண்டுசென்றால் முழுச் சரக்கு விமானத்திலும் ஏற்றப்படலாம். சரக்கு விமானம் என்றால் அழுத்தமூட்டல் இராது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பொதுவாகத் தவறு. சரக்கு விமானங்களில் பல, பயணிகள் விமானமாகப் பிறந்து, இருக்கைகள் அகற்றப்பட்டுப் பெரிய கதவு பொருத்தப்பட்டவை. அவற்றின் கூடு பழைய கூடுதான். விமானிகளுக்கு மட்டும் அழுத்தம் கொடுத்துவிட்டுச் சரக்குப் பகுதியை விட்டுவிடலாமே என்றால், இடையில் பல டன் விசையைத் தாங்கும் சுவர் ஒன்று எழுப்ப வேண்டும். அதைவிட முழுக் கூட்டையும் அழுத்தமூட்டுவதே எளிது. குதிரையும் கோழிக்குஞ்சும் அனுப்பவும் முடிகிறது. சரக்கறைக்கு அழுத்தமே இல்லாத விமானங்களும் உண்டு: விமானப் பாகங்களைச் சுமக்கும் ஏர்பஸ் பெலூகா, போயிங் ட்ரீம்லிஃப்டர், பழைய ரஷ்ய ஆன்-12 ஆகியவை. நம் முறுக்குப் பெட்டி அவற்றில் ஏறப்போவதில்லை.

அழுத்தம் ஒன்றாக இருந்தாலும் வெப்பம் ஒன்றாக இருப்பதில்லை. சில சரக்கறைகளுக்குச் சூடேற்றும் வசதி உண்டு, சிலவற்றுக்கு இல்லை. ஆகவே ஏஜென்டிடம் கேட்க வேண்டியவை இரண்டு: பயணிகள் விமானமா, சரக்கு விமானமா, சரக்கறைக்கு வெப்பக் கட்டுப்பாடு உண்டா. இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், கடுங்குளிரும் வரும், அதற்கு முன் சித்திரை வெயிலில் ஓடுதளத்து ஓரம் காத்திருக்கவும் நேரும் என்று எண்ணியே கட்டுங்கள்.

நான்காம் படி: பாட்டில்

இங்கேதான் புதியவர்கள் மிகுதியாக இழக்கிறார்கள். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

8,000 அடியில் அழுத்தம் ஏறக்குறைய 753 ஹெக்டோபாஸ்கல். நம் ஊரில் மூடிய பாட்டிலுக்குள் 1013 இருக்கிறது. வேறுபாடு 260. ஆறு சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு மூடியை உள்ளிருந்து ஏழரைக் கிலோ எடை தள்ளுவதற்கு இது சமம். நன்றாகத் திருகிய மூடி இதனால் பறந்துவிடாது. ஆனால் மூடிக்கும் கண்ணாடி விளிம்புக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், உள்ளே இருப்பது வெளியேறப் பார்க்கும். எது வெளியேறும் என்பதுதான் கேள்வி. பாட்டில் நிமிர்ந்திருந்தால் மூடியை ஒட்டி இருப்பது காற்று. ஆகவே காற்று கசிந்து அழுத்தம் தணிந்துவிடும், தொக்குக்கு ஒன்றும் ஆகாது. கவிழ்ந்திருந்தால் மூடியை ஒட்டி இருப்பது எண்ணெய். பாட்டிலின் அடிப்பக்கத்தில் சிக்கிய காற்று பின்னாலிருந்து எண்ணெயைத் தள்ளும். என் 24 பாட்டில்களின் கதை இவ்வளவுதான்.

ஆகவே பாட்டில்களை நிமிர்த்தியே அடுக்கி, பெட்டியின் நாலு பக்கமும் மேல்நோக்கிய அம்புக்குறி ஒட்டுங்கள். ஆனால் அம்புக்குறியை மட்டும் நம்ப வேண்டாம். பயணிகள் விமானத்தின் அடிச் சரக்கறை ஆள் குனிந்து வேலை செய்யும் உயரமே உள்ளது. உயரமான பெட்டி படுக்கவைக்கப்படுவது இயல்பு. பெட்டியின் உயரத்தை அதன் அகலத்தைவிடக் குறைவாக வைத்தால், அதைப் படுக்கவைக்க யாருக்கும் தேவை வராது. ஒட்டிய எல்லா ஸ்டிக்கர்களையும்விட இந்த ஒரு மாற்றம்தான் எனக்குப் பலன் தந்தது.

மூடி தாங்குமா என்று வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. அனுப்பப்போகும் அதே வகைக் காலிப் பாட்டிலில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு, வழக்கம்போல மூடுங்கள். ஒரு வாளியில் கொதிநீரும் குழாய்நீரும் சரிபாதி கலந்தால் ஏறக்குறைய 60 பாகை வெப்பம் கிடைக்கும். பாட்டிலை முதலில் வெதுவெதுப்பான நீரில் சற்று வைத்துப் பழக்கிவிட்டு, இந்த நீரில் முழுவதும் மூழ்கும்படி கால்மணி நேரம் அமுக்கி வையுங்கள். கண்ணாடியைத் திடீரென்று சுடுநீரில் இட்டால் வெடிக்கக்கூடும். உள்ளே உள்ள காற்று சூட்டால் விரிவதும் நீராவி சேர்வதுமாக, 8,000 அடியில் மூடி தாங்க வேண்டிய அதே அழுத்த வேறுபாடு ஏறக்குறைய இங்கேயே உண்டாகிவிடும். விளிம்பிலிருந்து குமிழிகள் வரிசையாக எழுந்தால் அந்த மூடி விமானத்துக்கு ஆகாது. பத்து பாட்டிலில் ஒன்று குமிழி விட்டாலும் அந்த மூடி வகையையே மாற்றிவிடுவேன். ரப்பர் வளையம் உள்ள மூடி, அல்லது சூட்டில் ஒட்டும் அலுமினியத் தாள் உறை, பெரும்பாலும் இந்தச் சோதனையில் தேறுகிறது.

மருந்து, ரசாயனம், ரத்த மாதிரி போன்ற திரவங்களுக்கு இந்த வீட்டுச் சோதனை போதாது. அபாயகரமான திரவங்களுக்குரிய விமான விதிகள், உறை 95 கிலோபாஸ்கல், அதாவது 950 ஹெக்டோபாஸ்கல் வேறுபாட்டைத் தாங்க வேண்டும் என்று கேட்கின்றன. இது நாம் பார்த்த 260-ஐப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். காரணம், கூட்டின் அழுத்தம் முழுவதும் போய்விட்டாலும் அந்த உறை கசியக்கூடாது. அத்தகைய பொருள்களை அதற்கெனப் பயிற்சி பெற்ற ஏஜென்டிடம் விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: பலகாரப் பை

பாட்டிலுக்கு அழுத்தம் பிரச்சினை, பைக்குப் பருமன். தரையில் ஒரு லிட்டர் காற்றுள்ள தளர்ந்த பை மேலே ஏறக்குறைய 1.35 லிட்டராக விரியும். முறுக்கும் தட்டையும் நொறுங்காமலிருக்க நைட்ரஜன் அடித்துப் பையை விம்ம விம்ம ஒட்டும் வழக்கம் கடைத்தெரு விற்பனைக்கு நல்லது. விமானத்துக்கு அதில் பாதி போதும். விரல் வைத்து அமுக்கினால் இரண்டு பக்கமும் எளிதில் தொட்டுக்கொள்ளும் அளவுக்குத் தளர்வு இருக்கட்டும். அப்படித் தளர்ந்த பைகளையும் பெட்டியில் இறுக்கித் திணித்தால் பயனில்லை. இருபது பைகள் ஒன்றாக விரியும்போது பெட்டியின் டேப் பிரிந்துவிடும். பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாக விட்டு, அங்கே கசக்கிய காகிதம் இடுங்கள். காற்றை உறிஞ்சி ஒட்டிய வேக்குவம் பைகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அசோகாவையும் நாகூர் அல்வாவையும் அப்படி அனுப்புவதுதான் நல்லது.

ஆறாம் படி: இலை, பூ, வீணை

கும்பகோணம் வெற்றிலையும் மல்லிகை மொட்டும் அழுத்தக் குறைவால் கெடுவதில்லை. அவற்றைக் கெடுப்பது வறட்சி. விமானத்துக்குள் வரும் காற்று உறைபனி உயரத்திலிருந்து எடுக்கப்படுவதால் அதில் ஈரம் மிகக் குறைவு. இதற்கு அஞ்சிப் பாலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டினால் பை உப்பும், இலையும் புழுங்கும். வாழைச்சருகும் ஈரத்துணியும் வைத்துக் கட்டுகிற பழைய முறை மூச்சும் விடுகிறது, ஈரமும் காக்கிறது. அதன்மேல் தெர்மாகோல் பெட்டி போட்டால் மூடியில் ஓரிரு துளை இடுங்கள்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கைக் காற்றழுத்தம் தீண்டாது. பாகங்களைத் திருகிக் கழற்றிச் சுற்றினால் போதும். தஞ்சாவூர் வீணை அப்படியல்ல. குடத்தில் துளைகள் இருப்பதால் அழுத்தம் தானே சமனாகிவிடும். ஆனால் பலாமரம் வறண்ட காற்றில் சுருங்கும், மெட்டுகளைப் பிடித்திருக்கும் மெழுகு ஓடுதளத்து வெயிலில் இளகும். தந்திகளைத் தளர்த்தி, மெட்டுகளின்மேல் எடை விழாதபடி பஞ்சு வைத்து, கனத்த போர்வை சுற்றுங்கள். ரப்பர் வளையத்தோடு இறுக மூடும் ஃபைபர் பெட்டி என்றால், அதில் காற்று போகவர ஒரு சிறு துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏழாம் படி: மறைத்து வைக்கக்கூடாதவை

தம்பிக்கு அனுப்பும் பலகாரப் பெட்டியில் ஒரு பவர் பேங்க்கையும் சொருகிவிடலாம் என்று நினைப்பவர் பலர். பொருளோடு சேராத தனி லித்தியம்-அயான் மின்கலங்களைப் பயணிகள் விமானத்தில் சரக்காக அனுப்ப 2016 ஏப்ரல் 1 முதல் தடை இருக்கிறது. பவர் பேங்க்கும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. பெரிய சரக்கு விமானங்களின் மேல்தளத்தில் பொதுவாகத் தீயணைக்கும் வாயு அமைப்பு கிடையாது. தீ மூண்டால் காற்று வரத்தை அடைத்து, கூட்டின் அழுத்தத்தையே இறக்கி, பிராணவாயு இல்லாமல் நெருப்பை ஒடுக்கப் பார்ப்பார்கள். லித்தியம் மின்கலத் தீ அதற்கு அடங்குவதில்லை. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய யுபிஎஸ் 747 சரக்கு விமானத்தில் மின்கலங்கள் இருந்த சரக்கில் தீ மூண்டு, விமானிகள் இருவரும் இறந்தனர். அழுத்தம் இறக்கப்படும் அத்தகைய நேரத்தில் மற்றப் பொதிகளும் ஊட்டி மலையைத் தாண்டி எங்கோ ஏறிவிடுகின்றன என்பதையும் கவனியுங்கள்.

ட்ரை ஐஸ் வைத்து மீனோ பூவோ அனுப்புவதானால் எவ்வளவு கிலோ என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒரு கிலோ ட்ரை ஐஸ் ஆவியானால் ஐந்நூறு லிட்டருக்கும் மேல் கரியமில வாயுவாகும். இறுக மூடிய பெட்டியில் அது வெடிகுண்டுதான். திறந்த பெட்டியிலும், பக்கத்தில் உயிருள்ள கோழிக்குஞ்சு இருந்தால் அதன் மூச்சுக்கு ஆபத்து. எனவே பெட்டியில் வாயு வெளியேற வழி விடுங்கள், ஏஜென்டிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசிப் படி: பெறுபவருக்கு ஒரு குறிப்பு

மேலே போகும்போது காற்றைக் கசியவிட்ட மூடி, இறங்கும்போது ரப்பர் வளையம் படிந்து இறுகிக்கொள்வது உண்டு. அப்போது பாட்டிலுக்குள் ஊட்டிக் காற்றும் வெளியே கடற்கரைக் காற்றும் இருக்கும். வெளிக்காற்று மூடியை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். முதல் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து ஒரு தங்கை, “மூடி அசையவே மாட்டேங்குதுண்ணே, பசை போட்டு ஒட்டிட்டீங்களா?” என்று கேட்டார். இப்போதெல்லாம் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு துண்டுச்சீட்டு வைக்கிறேன்: பெட்டி குளிர்ந்திருந்தால் ஒரு மணி நேரம் திறக்காமல் வைக்கவும், இல்லாவிட்டால் பாட்டில் வியர்த்து லேபிள் ஊறிவிடும், அதன்பின் மூடி திறக்காவிட்டால் கரண்டிக் காம்பை விளிம்பில் கொடுத்து இலேசாக நெம்பவும், ‘டப்’ என்று காற்று உள்ளே போன சத்தம் கேட்டதும் திருகவும்.